குத்துவதற்கு முன்

டோட்முண்ட், ஜேர்மனி
05.02.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இங்கு சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கவேண்டும் என்று உங்கள் பிள்ளையாரையே கேட்டுக்கொள்கிறேன். உங்களை விட்டால் அவருக்கும் ஆள் இல்லை, ஆகவே கவனித்துக்கொள்வார்.

போனில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் உங்கள் காதில் ஏறுவதில்லை. அண்ணி நடுவில் நின்று சொன்னால் பாதி அவவின் சொந்தச் சரக்காக இருக்கிறது. எங்களுக்குப் பழையபடி கடிதம்தான் சரி.

வேலணைச் சோமநாதன் ஊருக்கு வருகிறார். அவரிடம் இரத்தத்தில் சீனி பார்க்கும் மீற்றரும் அதில் செருகும் ஸ்ரிப் போத்தல்களும் கொடுத்துவிட்டிருக்கிறேன். அங்கே ஸ்ரிப் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கைக்கெட்டாத விலை என்று அண்ணி சொன்னா. இனி அந்தச் சாட்டு வேண்டாம், ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். சீனி வருத்தத்தில் அப்பாவின் காலை வெட்டி எடுத்த பிறகு அவர் கோயில் வாசலில் கதிரையில் இருந்து மற்றவர் செய்யும் பூசையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உடம்பில் ஒரு விரல் குறைந்தாலும் உங்களை மூலஸ்தானத்துக்குள் விடமாட்டார்கள். எனக்கு வேறு பயம் இல்லை, அந்தக் கதிரையை நினைத்துத்தான் பயம்.

பெட்டிக்குள் இருக்கும் செய்முறைத் தாள் ஜேர்மன் மொழியில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் தினமும் இந்த வேலை செய்கிறவள் நான் என்றபடியால் உங்களுக்குத் தேவையானதைத் தமிழில் எழுதுகிறேன். சில வசனங்கள் இங்குள்ள வெள்ளைக்காரருக்கு எழுதியவை. ஒரு குருக்களுக்கு அதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, விட்டுவிட்டேன்.

ஸ்ரிப்பை மீற்றரில் செருகுங்கள். திரையில் துளியின் படம் வரும்வரை பொறுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்துங்கள். துளியை ஸ்ரிப்பின் முனையில் முட்டவைத்தால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். போத்தலை உடனே மூடுங்கள், கடல் காற்றுப் பட்டால் ஸ்ரிப் பழுதாகும். அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
ஞானா


நயினாதீவு
12.03.2023

அன்புத் தங்கை ஞானாவுக்கு,

சர்வமங்களம் உண்டாவதாக. இங்கு நானும் அண்ணியும் சுகம். உங்கள் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மீற்றர் கிடைத்தது. சோமநாதன் அதைக் கையில் தந்த விதத்தைப் பார்த்தால் கும்பாபிஷேகக் கலசம் தோற்றுவிடும். முதலில் ஒரு சிக்கல் வந்தது. இரத்தம் கண்டால் தீட்டு, முழுகாமல் ஒன்றையும் தொட ஏலாது. விடியக் குத்தினால் கோயிலுக்குப் போகமுன் இரண்டாம் தரம் முழுகவேண்டும். பூசை முடிந்து வந்து முழுகிவிட்டுக் குத்தினால் மறுபடியும் முழுகவேண்டும். எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரில் இத்தனை முழுக்குப் போட்டால் சீனிக்கு முன் தடிமனும் சளியும் என்னைக் கொண்டுபோய்விடும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். காலைப் பூசை முடித்து, வந்த சனத்துக்குத் திருநீறும் பிரசாதமும் கொடுத்து, வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டு ஏறி, உடனே குத்திவிடுகிறேன். அதன் பிறகு முழுக்கு, இன்சுலின், சாப்பாடு. ஒரு முழுக்கோடு எல்லாம் சரி. உன் அண்ணனுக்கு மூளை இல்லை என்று இனிச் சொல்லாதே.

சாதாரண நாட்களில் நூற்று நாற்பது, ஐம்பது காட்டுகிறது. வெள்ளிக்கிழமை 236. அண்ணி என்னை முறைத்துப் பார்க்கிறா. “அபிசேகத்திலை மிஞ்சின பஞ்சாமிர்தத்தை அங்கயே திண்டுட்டு இஞ்ச வந்து விரதம் எண்டுறியளோ” என்று கேட்கிறா. பிள்ளையார் அறிய நான் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை.

ஆசிகளுடன்,
அண்ணா சர்வேஸ்வரன்


டோட்முண்ட்
08.04.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தானே. இங்கே வெயில் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இவருக்கு முழங்கால் நோவு இன்னும் விடவில்லை.

ஒரு முழுக்கில் வேலையை முடிக்கும் உங்கள் கெட்டித்தனத்தை வாசித்துச் சிரித்தேன். ஆனால் 236 சிரிக்கிற இலக்கம் இல்லை. எங்கள் இல்லத்திலும் கிழவர்கள் பிள்ளையார்மேல் சத்தியம் செய்யாத குறையாக ஒன்றும் தின்னவில்லை என்பார்கள், தலையணையைத் தூக்கினால் கீழே சொக்கிளேற் கிடக்கும். நான் அண்ணியின் பக்கம். சிறுவயதில் மோதகத்துக்குள் இருந்த பூரணத்தை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு மூடிவைத்தவர் நீங்கள்தானே.

கோபிக்கவேண்டாம். எனக்கு இருக்கிறது ஒரு அண்ணா.

தங்கை,
ஞானா


நயினாதீவு
02.05.2023

அன்புள்ள ஞானாவுக்கு,

நாங்கள் சுகம். மாப்பிள்ளையின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொல்.

உன் கடிதம் எனக்குக் கொஞ்சம் நொந்தது. மோதகம் தோண்டினது உண்மை. அது பூணூல் போடமுன். இப்போது தேவருக்குப் படைத்ததைக் களவெடுத்துத் தின்கிற அளவுக்கு நான் போய்விடவில்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போனேன். அன்று கோயிலை எனக்கு உதவிக்கு நிற்கும் கஜரூபனிடம் ஒப்படைத்துவிட்டு விடிய முதல் படகில் ஏறினேன். அங்கே வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 112. நான் எழுதிக்கொண்டுபோன வெள்ளிக்கிழமை இலக்கங்களைக் காட்டினேன். டொக்டர் பெடியன்தான், சிரித்துவிட்டார். “ஐயா, உந்த மீற்றரைக் கடலுக்குள்ளை போடுங்கோ. உங்கட சீனி நல்லாக் கிடக்கு” என்றார்.

அண்ணிக்குக் குழப்பம். எனக்கும்தான். நீ சொன்னால் கடலில் போடுகிறேன், சொல்லாமல் போடமாட்டேன்.

ஆசிகளுடன்,
அண்ணா


டோட்முண்ட்
28.05.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

மீற்றரைக் கடலில் போடச் சொன்ன டொக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த நாட்டில் ஆஸ்பத்திரியே இதை நம்பித்தான் நடக்கிறது. வாயால் சண்டைபிடிக்காமல் சோதித்துப் பார்த்துவிடுவோம். இங்கிருந்து திருவிழாவுக்கு ஊருக்கு வரும் தனுசியாவிடம் ஒரு சின்னக் குப்பி கொடுத்துவிட்டிருக்கிறேன். அதற்குள் இருப்பது அளந்து கரைத்த சீனித் தண்ணீர். இரத்தத்துக்குப் பதிலாக அதில் ஒரு துளியை ஸ்ரிப்பில் முட்டவையுங்கள். ஸ்ரிப் போத்தலின் பக்கத்தில் இரண்டு இலக்கங்கள் அச்சடித்திருக்கும். அவற்றுக்கு நடுவில் வந்தால் மீற்றரும் சரி, ஸ்ரிப்பும் சரி. வெளியில் போனால் நீங்கள் கடலில் போடுங்கள், நான் வேறு அனுப்புகிறேன்.

சரியாக வந்தால் மீற்றர் சொல்வதுதான் உண்மை. மாதத்தில் ஒருநாள் பார்த்த டொக்டரைவிட ஒவ்வொரு நாளும் பார்க்கிற மீற்றருக்குத்தான் உங்களைத் தெரியும். எங்கள் இல்லத்தில் 250க்கு மேல் போனால் தாதி இன்சுலினில் இரண்டு யூனிற் கூட்டிப் போடுவா. டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்லவேண்டும். அவரோ சிரிக்கிறார். அடுத்த கிளினிக் வரும்வரை கால் பொறுத்திருக்குமா? அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

தங்கை,
ஞானா


நயினாதீவு
16.07.2023

அன்புத் தங்கைக்கு,

திருவிழா குறையில்லாமல் முடிந்தது. நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை, மிச்சத்தைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் உனக்கு வெற்றி. தனுசியா கொண்டுவந்த குப்பியால் சோதித்தேன். போத்தலில் போட்டிருப்பது 102 தொடக்கம் 138. எனக்கு வந்தது 119. நம்பாமல் அண்ணி செய்தா, 121. டொக்டருக்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் திருவிழா நாட்களில் ஒரு நாளாவது முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. 304, 321, தீர்த்தத்தன்று 340. தினமும் அபிஷேகம், தினமும் பஞ்சாமிர்தம். என் கையால் குழைத்து, என் கையால் சாத்தி, கடைசி ஆள் வரைக்கும் என் கையால் அள்ளிக்கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வருகிறேன். பிள்ளையார் சாப்பிடுவதை மீற்றர் என் பெயரில் எழுதுகிறது என்று அண்ணியிடம் சொன்னேன். அவ சிரிக்கவில்லை.

நீ சொன்னபடி இரண்டு யூனிற் கூட்டினேன். குறையவில்லை. பிறகு இன்னும் இரண்டு கூட்டினேன்.

பின்னேரப் பூசையில் இப்போது கை நடுங்குகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. ஒருநாள் அர்ச்சனையில் பாதி நாமம் வாயில் வரவில்லை. நாற்பது வருசமாகச் சொல்லும் நாமம். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. கஜரூபன் பின்னால் நின்று எடுத்துத் தந்தான். சர்க்கரைத் தண்ணீர் கரைத்து நீட்டினான், சீனிக்காரனுக்கு இதைத் தருவதா என்று தள்ளிவிட்டேன். சீனி மூளைக்கு ஏறிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

ஆசிகளுடன்,
அண்ணா


டோட்முண்ட்
10.08.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மற்றும்படி நாங்கள் சுகம்.

கவனமாகக் கேளுங்கள். நடுக்கமும் வேர்வையும் சீனி இறங்கினாலும் வரும். எங்கள் இல்லத்தில் அப்படித்தான். ஊகத்தில் ஒன்றும் செய்யவேண்டாம். நடுக்கம் வரும்போது உடனே குத்திப் பாருங்கள். இறங்கியிருந்தால் சீனித் தண்ணீர் குடியுங்கள். ஏறியிருந்தால் யார் என்ன சொன்னாலும் ஒரு துளி சீனி வாயில் படக்கூடாது. ஊரில் மயங்கி விழுந்தவுடன் ஆளுக்கொரு சோடாப் போத்தலோடு ஓடிவருவார்கள். அண்ணியிடம் சொல்லிவையுங்கள். ஆட்கள் சொல்வதைக் கேட்கவேண்டாம், மீற்றர் சொல்வதைக் கேட்கவும். அதை எப்போதும் அவவின் கைப்பைக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தங்கை,
ஞானா


நயினாதீவு
08.09.2023

அன்புள்ள ஞானாவுக்கு,

இங்கு சுகம், கச்சான் காற்றுத்தான் இன்னும் அடங்கவில்லை. படகு ஒருநாள் ஓடினால் ஒருநாள் ஓடாது.

உன் கடிதத்தை அண்ணிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மீற்றரைக் கைப்பையில் வைத்துவிட்டா. தாலிக்கொடிக்கு அடுத்ததாக இப்போது அதுதான் அவவுக்குப் பத்திரம். ஸ்ரிப்பை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னேரங்களில் குத்துவதில்லை, இனித் தேவைப்பட்டால் குத்துகிறேன்.

விநாயகர் சதுர்த்திக்குச் சுருவிலில் இருந்து வாழைக்குலைகள் வருகின்றன. அன்று நூற்றெட்டுச் சங்காபிஷேகம், பூசை முடிய மத்தியானம் ஆகும். கோயிலில் இப்போது ஒருமாதிரிப் பார்க்கிறார்கள், ஞானா. ஐயாவுக்கு வயது போய்விட்டது என்று காதில் விழாதபடி பேசுகிறார்கள். எனக்குக் காது கேளாதது ஒருவகையில் நல்லது. சதுர்த்தியை ஒரு பிழை இல்லாமல் செய்துகாட்டவேண்டும். அன்று சீனி ஏறும் என்பது தெரிந்த விசயம், ஆகவே விடியவே இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன்.

ஆசிகளுடன்,
அண்ணா


நயினாதீவு
14.11.2023

அன்புள்ள ஞானாவுக்கு,

நீரும் உமது அவரும் சுகமாக இருக்கவேண்டும். அண்ணா இருக்கிறார்.

போனில் நான் அழுததைத்தான் நீர் கேட்டிருப்பீர். இப்போது எழுதுகிறேன்.

சதுர்த்தியன்று பூசை ஒரு பிழையில்லாமல் நடந்தது. அதை உமக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். எல்லாம் முடிந்து மண்டபத்தில் பஞ்சாமிர்தம் கொடுத்துக்கொண்டு நின்றவர், பாத்திரத்தோடு சரிந்தார். உடம்பெல்லாம் தண்ணீராக வேர்த்திருந்தது. கஜரூபன் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தான். “தள்ளு, ஒருத்தரும் ஒண்டும் குடுக்காதேங்கோ” என்று கத்தினது நான். அவர் கையைப் பிடித்துக் குத்தினேன். 318. நம்பாமல் அடுத்த விரலில் குத்தினேன். 331. கஜரூபன், “மாமி, எங்கட பெரியப்பாவுக்கும் இப்பிடித்தான் வந்தது, ஒரு மிடறு குடுத்துப் பாப்பம்” என்று கெஞ்சினான். நான் அவன் கையில் இருந்த செம்பைத் தட்டிவிட்டேன். அது உருண்டு கொடிமரத்தடிக்குப் போனது.

கச்சானில் படகு எடுக்கச் சுணங்கியது. குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரியில் நான் முதல் சொன்னது சீனி முந்நூறுக்கு மேல் என்று. தாதிப் பிள்ளை ஈரப்பஞ்சால் அவர் விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினா. 22. முந்நூறும் இல்லை, இருநூறும் இல்லை, வெறும் இருபத்திரண்டு.

டொக்டர் அம்மா அவர் கையைத் தூக்கி மூக்கருகில் பிடித்து மணந்து பார்த்தா. “அம்மா, கையிலை என்ன?” என்று கேட்டா.

“பஞ்சாமிர்தம்” என்றேன்.

அவ உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னா. ஏற்றவேண்டியதை எல்லாம் ஏற்றினார்கள். மூளை கனநேரம் பட்டினி கிடந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கண் திறந்திருக்கிறார். என்னைத் தெரியாது. ஊட்டினால் சிலநேரம் விழுங்குவார். கோயில் கஜரூபனுக்கு.

வீட்டுக்கு வந்த அன்று உமது குப்பியை எடுத்து மீற்றரைத் திரும்பச் சோதித்தேன். 120. அது சரியாகத்தான் இருக்கிறது.

விமலாம்பிகை


டோட்முண்ட்
20.12.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளவேண்டும். நீங்களும் விழுந்தால் அண்ணாவுக்கு யார்? இங்கே பனி கொட்டுகிறது.

படுக்கைப் புண் வராமல் இருக்கக் களிம்பும் விரிப்புகளும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். அந்தப் படகு நேரத்துக்கு எடுத்திருந்தால் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. தீவில் பிறந்தவர்களுக்கு விதி கடலில்தான் எழுதியிருக்கிறது போல. ஆஸ்பத்திரியிலும் கொஞ்சம் கெதியாகப் பார்த்திருக்கலாம். நாங்கள் என்ன செய்யமுடியும், அண்ணி.

அண்ணாவின் நெற்றியில் எனக்காக ஒருக்கால் திருநீறு பூசிவிடுங்கள்.

ஞானா


நயினாதீவு
29.01.2024

அன்புள்ள ஞானாவுக்கு,

நான் சுகம். அவர் அப்படியே. களிம்பு கிடைத்தது. திருநீறு பூசிவிட்டேன்.

படகை ஒன்றும் சொல்லவேண்டாம். படகு எடுக்கமுன் கஜரூபனின் செம்பு பக்கத்தில் இருந்தது.

கிளினிக்கில் இனி நான்தான் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சீனி பார்க்கவேண்டும் என்றார்கள். இவ்வளவு நாளும் அவர் தானே பார்த்தவர், நான் அவரைப் பார்த்துச் செய்தவள், முழுச் செய்முறை எனக்குத் தெரியாது. உமது முதல் கடிதத்தை அவருடைய பூசைப் பெட்டிக்குள் இருந்து எடுத்து வாசித்தேன். சில வசனங்களை எழுத வெட்கமாக இருக்கிறது, விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர். ஜேர்மன் தாளையும் விரித்துப் பார்த்தேன். மடிப்புக் கூடக் குலையாமல் இருந்தது. எழுத்து எனக்கு விளங்காது. முதலாவதாக ஒரு படம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய், அதன் கீழே இரண்டு கைகள்.

நீர் விட்டதையும் சேர்த்து, தாளில் உள்ளபடி முழுக்கத் திருப்பி எழுதி அனுப்பும்.

விமலாம்பிகை


டோட்முண்ட்
02.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்தேன். தாளில் உள்ளபடி எழுதுகிறேன்.

குத்துவதற்கு முன் கைகளைச் சவர்க்காரம் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவவும். துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் உலரவிடவும். பழமோ தேனோ இனிப்போ பட்ட விரலில் குத்தினால், இரத்தத்தில் இல்லாத சீனியை மீற்றர் காட்டும்.

அதன் பிறகு ஸ்ரிப்பைச் செருகவும். துளியின் படம் வரும்வரை பொறுக்கவும். விரல் ஓரத்தில் குத்தித் துளியை முனையில் முட்டவைக்கவும். மற்றதெல்லாம் நான் அன்றைக்கு எழுதியபடிதான்.

அண்ணாவின் கைகளை இனி நீங்கள்தான் கழுவிவிடவேண்டும்.

நான் விட்டது அவ்வளவுதான்.

ஞானா